கருணை இல்லத்துக்குக் கணக்கு வேண்டாமா?

கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் போகும் வழியில், செம்மங்குப்பம் என்றொரு கிராமம் இருக்கிறது. 2025-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி காலை அந்த ஊர் ரயில்வே கேட்டில் பள்ளிக்கூட வேன் மீது ரயில் மோதி மூன்று குழந்தைகள் மாண்டார்கள். அதுவரை ஜில்லாவுக்கு வெளியே அநேகம் பேர் கேள்விப்பட்டிராத ஊரின் பெயர், பொழுது சாய்வதற்குள் தமிழ்நாடு முழுவதும் பரவிவிட்டது.

பிஞ்சுக் குழந்தைகளின் சாவு நாட்டை உலுக்கியது. உலுக்கத்தான் வேண்டும். ஆனால் அதே ஊரிலும், சுற்றியுள்ள குப்பங்களிலும் வயோதிகர்களும் சாகிறார்கள். அவர்களுடைய கடைசி ஆறு மாசத்தில் யார் தண்ணீர் கொடுத்தார்கள், யார் புரட்டிப் படுக்க வைத்தார்கள், முதுகில் விழுந்த படுக்கைப் புண்ணுக்கு யார் மருந்து போட்டார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. கிழவர் செத்தால் அது செய்தியல்ல. ‘கல்யாணச் சாவு’ என்று சொல்லிப் பறை அடித்து எடுத்துவிடுவதோடு சரி.

முன்காலத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. திண்ணையில் தாத்தா, அடுப்படியில் மருமகள், எட்டிக் கூப்பிட்டால் பேரன். இன்று ஒரு பக்கம் கடல், மறு பக்கம் 1980-களில் வந்த சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகள் என்று நடுவில் அகப்பட்டுக் கொண்ட இந்தப் பிரதேசத்தில், மகன் பிழைப்பைத் தேடிச் சென்னைக்கோ திருப்பூருக்கோ கடல் கடந்தோ போகிறான். மருமகளும் வேலைக்குப் போகிறாள். அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. போகாவிட்டால் உலை கொதிக்காது.

கணக்கும் இதையேதான் சொல்கிறது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயது தாண்டியவர்கள். 2021-க்குப் போட்ட மதிப்பீட்டில் அது 13.6 ஆயிற்று. கேரளத்துக்கு அடுத்தபடி தேசத்தில் இந்த ராஜ்யந்தான். 2031-இல் 18-ஐத் தாண்டும் என்கிறார்கள். அதாவது, ஐந்து பேர் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய ஒருவர் கிழவர் அல்லது கிழவி!

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1962-இல் மாதம் இருபது ரூபாயில் ஆரம்பித்த முதியோர் உதவிப் பணம், 2023-இல் ஆயிரத்து இருநூறு ரூபாயாக உயர்ந்தது. 2007-இல் பார்லிமெண்ட், பெற்றோரையும் மூத்தோரையும் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. பெற்றோரைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு மூன்று மாசம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஜில்லாவுக்கு ஒன்றாவது, நூற்றைம்பது பேர் தங்கும்படியான இல்லம் அமைப்பது பற்றியும் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். ராஜ்ய சர்க்கார் அப்படி ‘அமைக்கலாம்’ என்றுதான் சட்டம் சொல்கிறது. ‘அமைத்தே தீர வேண்டும்’ என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தையில் எத்தனை கட்டில்கள் மறைந்து போகின்றன, பார்த்தீர்களா!

இந்த இடைவெளியில்தான் மடத்துச் சிஸ்டர்மார் வந்து நிற்கிறார்கள்.

பரணில் படுத்த பணிப்பெண்

இந்தக் கடற்கரைக்குக் கன்னியாஸ்திரீகள் புதியவர்கள் அல்லர். க்ளூனி புனித சூசையப்பர் சபையைச் சேர்ந்தவர்கள் 1827-லேயே புதுச்சேரியில் வந்து இறங்கிவிட்டார்கள். செம்மங்குப்பமும் கடலூரும் அடங்கிய பகுதி, 1953 முதல் புதுவை-கடலூர் அதிமேற்றிராசனம் என்று பெயர் பெற்றிருக்கிறது. நோயாளியின் பக்கத்தில் வெள்ளை அங்கி நிற்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழகிய காட்சி. இந்துவானாலும் முஸ்லிமானாலும், ‘மடத்து ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்ப்பார்கள்’ என்று சொல்வதைக் கேட்கலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? அங்கே இருக்கும் மருந்து வேறு இடத்தில் இல்லையா? இருக்கிறது. வித்தியாசம் மருந்தில் இல்லை. அது என்ன என்று தெரிந்து கொள்ள, ழான் ஜுகான் என்ற பிரெஞ்சு அம்மையாரின் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும்.

பிரிட்டனி கடற்கரையில் கன்கால் என்ற மீனவர் ஊரில் 1792-இல் பிறந்தவர் அவர். தகப்பனார் மீன் பிடிக்கப் போய்க் கடலோடு போய்விட்டார். (கடலூர்க் கரையில் இந்த மாதிரிக் குடும்பங்களுக்குப் பஞ்சமா?) வீட்டு வேலை செய்தே ஜீவித்தார். 1839 குளிர்காலத்தில், தமது 47-ஆம் வயதில், கண் தெரியாமல் பக்கவாதத்தில் கிடந்த ஒரு கிழவியைத் தம் அறைக்குத் தூக்கி வந்தார். தம் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பரணில் படுத்துக் கொண்டார். பிறகு இன்னொரு கிழவி, பிறகு இன்னொருத்தி. அவர்களுக்குச் சோறு போடக் கூடையை எடுத்துக் கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். எரிச்சலில் ஒருவன் அவரை அறைந்துவிட்டானாம். அந்த அடி எனக்குச் சரி, என் ஏழைகளுக்கு ஏதாவது கொடும் என்று அவர் திரும்பக் கேட்டதாகச் சொல்வார்கள்.

அவர் தொடங்கியதுதான் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபை. 1882-இலேயே கல்கத்தாவில் அவர்கள் இல்லம் திறந்துவிட்டார்கள். மற்றச் சபைக் கன்னியர் மூன்று வார்த்தைப்பாடு கொடுப்பார்கள். இவர்கள் நாலாவதாக ஒன்று கொடுக்கிறார்கள். வயோதிகரை உபசரிப்போம் என்பதே அது. நிலையான வட்டி வருமானம் வரும்படியான சொத்தை ஏற்றுக் கொள்வதில்லை. அன்றாடம் கேட்டு வாங்கியே நடத்த வேண்டும் என்பது அவர்களுடைய விதி. கிழவர்களுக்குப் பரிமாறி, மிஞ்சியதைத்தான் ஆரம்பகாலச் சகோதரிகள் சாப்பிட்டார்கள்.

கத்தோலிக்க தர்மம் என்று புஸ்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதுவதெல்லாம் இந்த ஒரு கட்டிலில் அடங்கிவிடுகிறது. ஒரு மனுஷியால் இனி யாருக்கும் ஒரு காசு லாபமில்லை. வேலை செய்ய மாட்டாள். வோட்டுப் போட எழுந்து போக மாட்டாள். சொத்து எழுதி வைக்கவும் மாட்டாள். இருந்தாலும் வீட்டிலேயே நல்ல கட்டில் அவளுக்கே என்பதுதான் அது.

இது சின்ன விஷயம் என்று தோன்றுகிறவர்கள் தமிழ்நாட்டின் தெற்குப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும். விருதுநகர் வட்டாரத்தில் ‘தலைக்கூத்தல்’ என்ற ஒரு வழக்கம் உண்டு என்று 2010-இல் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. படுக்கையில் விழுந்த கிழவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலை முழுக்காட்டி, இளநீரைக் குடிக்கக் குடிக்கக் கொடுப்பார்கள். ஜுரம் கண்டு ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். செய்கிறவர்கள் கொடியவர்களா என்றால், பெரும்பாலும் இல்லை. கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீடுகள். அந்த வீட்டுக்கும் அந்தப் பிரிட்டனிப் பரணுக்கும் நடுவில் உள்ள தூரம் பக்தியால் மட்டும் கடக்கக் கூடியதல்ல. ஓர் ஆள் வேண்டும், ஒரு கட்டில் வேண்டும், மாசம் தவறாமல் பணம் வேண்டும்.

பாலேஸ்வரத்து வேன்

இவ்வளவு உயர்ந்த தர்மத்தைச் சொல்லிக் கொண்டு நடத்துகிற இடத்தைச் சந்தேகிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சந்தேகிக்க வேண்டாம், ஆனால் சோதிக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் ஜில்லா உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு வேன் போய்க் கொண்டிருந்தது. உள்ளே காய்கறி மூட்டைகள். அவற்றோடு ஒரு பிரேதம். அவற்றோடு உயிருள்ள ஒரு வயோதிக அம்மாள். அந்த அம்மாள் கூச்சல் போட்டதால் வேன் மறிக்கப்பட்டது. அது பாலேஸ்வரத்தில் ஒரு கத்தோலிக்கச் சாமியார் நடத்திய புனித ஜோசப் கருணை இல்லத்து வேன். அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். இறந்தவர்களைச் சிமெண்டுச் சுவரில் அடுக்கடுக்காகக் கட்டிய அறைகளில் வைத்து மூடுவது அங்கே வழக்கமாக இருந்தது தெரிந்தது. ஊரில் பயங்கரமான வதந்திகள் கிளம்பின. இல்லத்தார் எல்லாவற்றையும் மறுத்தார்கள். தெருவில் ஈ மொய்க்கக் கிடந்தவர்களை, யாரும் தொட மாட்டேன் என்றவர்களைத் தாங்கள் எடுத்து வந்து வைத்துக் கொண்டதாகச் சொன்னார்கள். கடைசியில் அங்கே இருந்த முதியோர் நூற்றுக்கணக்கில் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

வதந்தியை ஒதுக்கி வைத்துவிடலாம். இல்லத்தார் சொன்னது முழுக்க உண்மை என்றே வைத்துக் கொள்ளலாம். அப்படியும் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. உயிரோடிருக்கிற கிழவியைப் பிணத்தோடும் காய்கறியோடும் ஏற்றுவதற்கு ஒருவருக்கு மனம் எப்படி வந்தது? கெட்ட எண்ணத்தால் அல்லாமல் இருக்கலாம். பழக்கத்தால் வந்திருக்கலாம். தினமும் சாவைப் பார்த்துப் பார்த்துக் கை மரத்துப் போயிருக்கலாம். வெளி மனிதர் ஒருவர் எட்டிப் பார்த்து ‘இதென்ன?’ என்று கேட்காத இடத்தில், நல்லவர்களுக்கும் கை மரத்துப் போகும்.

கத்தோலிக்கர்கள் நல்ல மரணத்துக்குப் பாதுகாவலராக வேண்டிக் கொள்வது சூசையப்பரை. பக்கத்தில் ஆண்டவரும் மாதாவும் இருக்கக் கண்ணை மூடியவர் என்பதால்! அந்த இல்லம் தாங்கி நின்றது அவருடைய பெயரைத்தான்.

இதை ஒரு மதத்தின் குறையாகப் பார்ப்பது தவறு. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் ஜில்லா குண்டலப்புலியூரில் தனியார் ஒருவர் நடத்திய அன்புஜோதி ஆசிரமத்தில், தங்க வைத்தவர்கள் காணாமல் போனதாகப் புகார் எழுந்து, அனுமதியில்லாமலே இல்லம் நடந்து வந்தது வெளிப்பட்டது. அங்கேயும் கேட்டில் எழுதியிருந்தது ‘அன்பு’தான். போர்டில் எழுதிய வார்த்தையைக் கொண்டு உள்ளே நடப்பதை யூகிக்க முடியாது.

சோதனை என்றால் தங்களை அவமானப்படுத்துகிறார்கள் என்று மடங்கள் நினைக்க வேண்டியதில்லை. ழான் ஜுகான் கதையின் மறுபாதி அவர்களுக்கே நன்றாகத் தெரியும். 1843-இல், சபைத் தலைவியாக இருந்த அவரை லெ பையோர் என்ற சாமியார் தள்ளி வைத்துவிட்டு, தாமே ஸ்தாபகர் என்று கதை கட்டினார். கடைசி 27 வருஷம் அந்த அம்மையார் மூலையில் ஒரு சாதாரணச் சகோதரியாக இருந்து 1879-இல் இறந்தார். உடனிருந்த இளங்கன்னியருக்கு, சபையை ஆரம்பித்தவர் இவர்தான் என்பதே தெரியாது! ரோமாபுரியிலிருந்து விசாரணை வந்து அந்தச் சாமியாரை நீக்கியது 1890-இல்; ழான் ஜுகானுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 2009-இல். புண்ணிய ஸ்தாபனத்துக்குள்ளும் பொய்க் கணக்குப் புகுந்து கொள்ளும். வெளியிலிருந்து ஒருவர் வந்து புரட்டிப் பார்த்தால்தான் அது வெளியே வரும்.

கூலியும் தர்மந்தான்

ஆஸ்பத்திரிகள் விஷயம் சற்று வேறு. ஆஸ்திரேலியாவில் பிறந்து டாக்டர் பட்டம் பெற்ற மேரி க்ளௌரி, 1920-இல் குண்டூருக்கு வந்து கன்னியாஸ்திரீயானார். அப்போது குண்டூர் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. கன்னியாஸ்திரீகள் பிரசவம் பார்ப்பதற்குத் திருச்சபைச் சட்டமே 1936 வரை குறுக்கே நின்ற காலம் அது. அவர் விசேஷ அனுமதி பெற்று வைத்தியம் பார்த்தார். 1943-இல் அவர் ஆரம்பித்த கத்தோலிக்க ஆஸ்பத்திரிச் சங்கத்தில் இன்று மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் அங்கம் வகிக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கிராமத்து டிஸ்பென்சரிகளும் சின்ன ஆஸ்பத்திரிகளுமே.

பட்டணத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளில் சில, வாசலில் மாதா சிலையும் கவுண்டரில் வேறு நியாயமுமாக இருக்கின்றன என்ற முணுமுணுப்பு உண்டு. 2011, 2012 வருஷங்களில் கேரளத்தில் நர்சுகள் சம்பளம் போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தபோது, திருச்சபை ஆஸ்பத்திரிகள் சிலவும் அதற்குத் தப்பவில்லை. இங்கே கொஞ்சம் வேடிக்கையும் இருக்கிறது. தொழிலாளிக்கு அவன் குடும்பம் மானமாகப் பிழைக்கும்படி கூலி கொடுக்க வேண்டும் என்று பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-லேயே நிருபம் எழுதிவிட்டார். உலகத்து முதலாளிகளுக்கெல்லாம் சொன்ன புத்தி, மடத்து ஆபீசுக்கும் பொருந்துமல்லவா? சிஸ்டர் தியாகம் செய்ய வார்த்தைப்பாடு கொடுத்தவர். இரண்டு குழந்தைகளை வைத்துக் கொண்டு நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் அப்படி எதுவும் கொடுக்கவில்லை. அவர் தலையில் தியாகத்தைக் கட்டுவது நியாயமல்ல. சம்பளம் கட்டாத கை, கட்டிலில் கிடக்கிறவர் மேல்தான் கடுகடுக்கும்.

கடைசி மூச்சு

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. கத்தோலிக்க ஆஸ்பத்திரி என்றால், எப்படியாவது மெஷினை மாட்டி உயிரைப் பிடித்து வைப்பார்கள் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. தவறு. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இல் மயக்க மருந்து டாக்டர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாகவே இதைத் தெளிவுபடுத்திவிட்டார். சாதாரணமான சிகிச்சையைக் கொடுக்க வேண்டும். பெரும் பாரமான, அசாதாரணமான முயற்சிகளைச் செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதே வருஷம் இன்னொன்றும் சொன்னார்: வலியைத் தணிக்கவே மருந்து கொடுத்து, அதனால் ஆயுள் சற்றுக் குறைந்தாலும் அது கொலையாகாது.

இந்த இரண்டாவது வார்த்தை இந்திய இல்லங்களில் உரக்கச் சொல்லப்பட வேண்டியது. புற்றுநோயில் துடிக்கிறவருக்கு மார்பின் கிடைப்பதே இந்நாட்டில் குதிரைக் கொம்பாக இருந்தது. 1985 போதை மருந்துச் சட்டத்தின் கெடுபிடிகளை 2014-இல்தான் தளர்த்தினார்கள். ஜெபமாலை பெரிய ஆறுதல், சந்தேகமில்லை. அது மார்பினுக்குப் பதில் அல்ல. ‘வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள்’ என்று சொல்வதற்கு முன்னால், வலி மருந்து தீர்ந்துவிடாமல் அலமாரியில் இருக்கிறதா என்று பார்க்கிற சிஸ்டரே பன்னிரண்டாம் பத்திநாதரைச் சரியாகப் படித்தவர்.

சுப்ரீம் கோர்ட்டும் 2018-இல், குணமாக வழியில்லாத நிலையில் உயிர்தாங்கிக் கருவிகளை விலக்கலாம், அதற்கு முன்கூட்டியே உயில் எழுதி வைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 2023-இல் அந்த வழிமுறையைச் சுலபமாக்கியது. ஏறக்குறைய இரண்டு பாதையும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் ஓரிடத்தில் பிரிகின்றன. குழாய் வழியாகக் கொடுத்தாலும் உணவும் தண்ணீரும் சிகிச்சையல்ல, சாதாரணப் பராமரிப்பு. உடல் ஏற்கும் வரை அதை நிறுத்தக் கூடாது என்பது திருச்சபையின் நிலை. 2020-இல் ரோமாபுரியிலிருந்து வந்த கடிதமும் இதையே உறுதிப்படுத்தியது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா ராஜ்யம் 2019 முதல், சாகும் தறுவாயில் உள்ளவர் டாக்டர் உதவியோடு உயிரை முடித்துக் கொள்ளச் சட்டம் கொண்டு வந்தபோது, அங்குள்ள கத்தோலிக்க ஆஸ்பத்திரிகள் அதைச் செய்ய மாட்டோம் என்று நேராகச் சொல்லிவிட்டன.

செய்ய மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. எதைச் செய்வார்கள், எதைச் செய்ய மாட்டார்கள் என்பதை, அட்மிஷன் போடும் அன்றே நோயாளியின் பாஷையில், படிக்கத் தெரியாதவருக்கு வாயால், சொல்லிவிட வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் நடுராத்திரியில் நிற்கிற மகனுக்கு அப்போது போய் இறைநூல் விளக்கம் சொல்வது தகாது. அதே போல், அவஸ்தைபூசுதல் கேட்கிறவருக்கு உடனே சாமியாரை அழைக்க வேண்டும். கேட்காத இந்துப் பாட்டிக்கு அவள் கேட்கிற விபூதியை அவள் நெற்றியில் யாராவது இட வேண்டும். ஜுகான் அம்மையார் கட்டிலைக் கொடுத்தபோது ஜபம் தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கொடுத்ததாக யாரும் எழுதவில்லை.

இனிச் செய்ய வேண்டிய வேலை பெரிய வேலையல்ல. ஒவ்வொரு முதியோர் இல்லத்திலும், அது மடத்துடையதானாலும் டிரஸ்டுடையதானாலும், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரிஜிஸ்தர் வைக்கலாம். யார் வந்தார், யார் கொண்டு வந்து விட்டார், எந்த டாக்டர் எப்போது பார்த்தார், யார் இறந்தார், எந்த டாக்டர் கையெழுத்துப் போட்டார், உடல் எங்கே அடக்கமாயிற்று, சொந்தக்காரருக்குச் சொல்லியாயிற்றா என்று அதில் எழுத வேண்டும். வந்து போகிற யாரும் அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று வைக்க வேண்டும். பார்வை நேரம் என்று ஒரு மணி நேரத்தைக் குறித்துவிட்டு மற்ற இருபத்து மூன்று மணியும் கதவைச் சாத்தி வைக்கக் கூடாது. கலெக்டர் ஆபீசிலிருந்து வருகிறவர் மாலை மரியாதைக்கு வராமல், சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வர வேண்டும். குழம்பை அள்ளிப் பார்க்க வேண்டும். போர்வையைத் தூக்கி முதுகைப் பார்க்க வேண்டும்.

வருகிற அதிகாரி திரும்பிப் போகிறபோது அவரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். இந்த இல்லத்தை மூடச் சொன்னால், இங்கே இருப்பவர்களைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க ஜில்லாவில் சர்க்கார் கட்டில் எத்தனை காலியாக இருக்கிறது என்று. செம்மங்குப்பத்துக் கிழவி கடலூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு வாரம் வார்டில் கிடந்து, ‘இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்’ என்று எழுதி அனுப்பப்படுகிறாளே, அந்தச் சீட்டைக் கையில் வைத்துக் கொண்டு அவள் எந்த வீட்டுக்குப் போவது என்பதையும் அவர் தம் ரிப்போர்ட்டில் எழுதட்டும்.